தண்ணீரோடு வந்தவர்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. கவனித்தீர்களா? கவனித்து, “உடம்பு சரியில்லையா மேடம்?” என்று விசாரித்தவர்களுக்கு நன்றி. உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது — முழங்காலைத் தவிர. நான் நடந்துகொண்டிருந்தேன்.

எடிட்டர் போன் செய்தபோது ஓர் ஆற்றங்கரையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். “மேட்டர் எங்கே?” என்றார். “தண்ணி இன்னும் குழியை விட்டு ஏறலை சார்… ஏறினதும் அனுப்புறேன்” என்றேன். பாவம், அந்த மனிதருக்கு என்ன புரிந்திருக்கும்?

உங்களுக்காவது முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா தையல்நாயகி இருப்பது வேதாரண்யம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய எங்கள் சொந்த ஊர். காவிரித் தண்ணீர் கல்லணையில் கிளம்பி, வெண்ணாறாகி, அதிலிருந்து பிரிந்து, மறுபடியும் பிரிந்து, எல்லோரும் பாய்ச்சியது போக மிச்சம் வந்து சேருகிற கடைமடை. அக்காவின் கணவர் கலியமூர்த்தி அத்தான் இந்தக் கோடையில் காலமாகிவிட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல வீட்டுக்குள் படுக்காமல், கொல்லையில் பூவரச மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தவர். எழுந்திருக்கவில்லை.

அத்தானுக்குக் கூரை ஆகாது. சிரிக்காதீர்கள். அவர் பிழைப்பு அப்படி. திருச்சிப் பக்கம் ஒரு பவுண்டரியில் வேலை பார்த்தார். இரும்பை உருக்கி, மணலில் செய்த அச்சுகளில் ஊற்றி, பம்புக்கும் மோட்டாருக்கும் வேண்டிய உருப்படிகளை வார்க்கிற இடம். மேலே தகரம், கீழே கொதிக்கிற இரும்பு, நடுவில் அத்தான். வாலிபத்தில் உள்ளே போனவர், ரிடையராகித்தான் வெளியே வந்தார். இரண்டு முன்னங்கைகளிலும் பொறி தெறித்த தழும்புகள். அரைக்கைச் சட்டை போட்டால் புது ஆட்கள் அம்மைத் தழும்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு தடவை கேட்டேன். “அங்க ரொம்பப் பயம் எதுக்கு அத்தான்? நெருப்புக்குத்தானே?”

“நெருப்பு என்னம்மா பண்ணும்? அது கண்ணுக்கு எதிர்லயே நிக்குது. தண்ணிக்குத்தான் பயம்” என்றார்.

நிஜமாம். இரும்புக் குழம்பை ஏந்துகிற வாளியில் கொஞ்சம் ஈரம் தங்கியிருந்தாலே போதும், குழம்பு வெடித்துச் சிதறிவிடும். பக்கத்தில் நிற்பவன் கதி அவ்வளவுதான். அதனால் ஈரக் கையோடு யாராவது கிட்டே வந்தால்கூட அத்தான் விரட்டுவாராம். வாரம் முழுக்கத் தண்ணீரைக் கண்டு ஒதுங்கி நிற்கிற உத்தியோகம்.

அப்படிப்பட்டவர் சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே எங்கே போவார்? ஆற்றுக்கு. கண் சிவக்கிற வரைக்கும் முங்கிக் கிடப்பார். ஞாயிறு முழுக்கத் தூண்டிலும் கையுமாக வாய்க்கால், குளம், குட்டை. எந்த வரப்பில் எந்தப் பாம்பு குடியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும், எதிர் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாது. மார்கழி பிறந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோடியக்கரை போவார். அங்கே ஆழமில்லாத தண்ணீரில் ஒற்றைக்காலில் நிற்கிற பூநாரைகளைப் பார்க்க.

“கொக்கு பாக்க அவ்வளவு தூரம் போவணுமா? நம்ம வயல்ல நிக்கிறதெல்லாம் என்னவாம்?” என்பாள் அக்கா. அவர் டயருக்குக் காற்றடிப்பார்.

திருக்கடையூரில் அவர்களுக்கு அறுபதாம் கல்யாணம் செய்தோம். ஹோமப் புகையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனிதர். பழைய வேலைக்கே திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்திருக்கும். கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்களே… அப்போதுதான் ஒரு சிரிப்பு வந்தது. அந்த போட்டோவைத்தான் இப்போது பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறோம்.

இதெல்லாம் வீட்டுக்கு வீடு நடக்கிற கூத்துதான். அக்காவின் வயிற்றில் புளியைக் கரைத்த விஷயம் வேறு.

வருஷா வருஷம் கல்லணை திறக்கும்போது அத்தான் லீவு போட்டுவிடுவார். சைக்கிளோடு கல்லணைக்குப் போய், திறந்துவிட்ட தண்ணீரோடு சேர்ந்து கிளம்புவார். கரையிலேயே வருவார். தண்ணீர் ஓடினால் இவரும் ஓட்டுவார், தண்ணீர் நின்றால் இவரும் இறங்கி நிற்பார். கிடைத்ததைச் சாப்பிட்டு, கிடைத்த இடத்தில் தலையைச் சாய்த்து, தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்து சேருகிற அன்றைக்கு அவரும் வந்து சேருவார். ரிடையரான பிறகும் இந்தப் பழக்கம் விடவில்லை.

“இதுல அப்படி என்னதான் இருக்கு அத்தான்?”

“பவுண்டரில இரும்பைத் தூக்கிட்டா உடனே ஊத்தியாவணும்மா. அது யாருக்காகவும் காத்திருக்காது. இது பாரு, நின்னு நின்னு வருது. ஒவ்வொரு பள்ளமா எட்டிப் பாத்துட்டு வருது. கூடவே வந்தா நமக்கும் அவசரம் போயிடுது.”

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. கேட்கிறவள் கொழுந்தியாளாக இருக்கும் வரை!

ஒரு வருஷம் சொந்தக்காரர் ஒருவர் வந்து பற்ற வைத்தார். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஆற்றின் குறுக்கே ஒரு பெரிய மதகு இருக்கிறது. மதகை ஒட்டி ஒரு டீக்கடை. அந்தக் கடை வாசலில் அத்தானின் சைக்கிள் சாத்தியிருந்ததை அவர் பஸ்ஸிலிருந்து பார்த்தாராம். “இன்னிக்கு வந்துருவாரு பாரேன்” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அங்கிருந்து எங்கள் ஊருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அத்தான் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். அந்தக் கடையை நடத்துவது ஒரு பெண்பிள்ளை என்பதையும் சொந்தக்காரர் மறக்காமல் சொல்லியிருந்தார்.

அக்கா கேட்டுவிட்டாள்.

“தண்ணியோடதான் வந்தேன், வேற எதோட வருவேன்? நம்பலன்னா அடுத்த வருஷம் நீயும் வாயேன்” என்றார் அத்தான்.

“மாடு கன்னைப் போட்டுட்டு உங்க பின்னால நான் ஆத்தோரமா நடக்குறேன்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள். பேச்சு அதோடு முடிந்தது. சந்தேகம் முடியவில்லை. அடுத்த வருஷமும் அதே மதகு, அதே சைக்கிள், அதே தாமதம். பார்த்து வந்து சொல்ல ஆளா இல்லை? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ‘அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கு’ என்கிற அளவுக்குப் பேச்சு வளர்ந்துவிட்டது.

கத்திச் சண்டை போட்டிருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். எங்கள் அக்கா அந்த ரகமில்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள், காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் வருஷா வருஷம் தண்ணீர் வந்ததும் சில நாள் அவரோடு பேச மாட்டாள். நம் வீடுகளில் எத்தனை பெண்கள் இப்படி ஒரே ஒரு கேள்வியைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறார்கள்! விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

அத்தான் போன அன்றைக்கும் அவள் அழவில்லை. வந்த பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். இவள் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். “கல்லு மனசு” என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். அவள் தூங்கவும் இல்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை, கண்ணில் ஒரு சொட்டு வரவும் இல்லை. அப்படி எத்தனை நாள் இருக்க முடியும்?

அஸ்தியை எடுத்து வந்து, மண் கலயத்தில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் பூவரச மரக் கிளையில் தொங்கவிட்டிருந்தோம். ஆற்றில் மணல்தான் கிடந்தது. பதினாறாம் நாள் காலையில் கோடியக்கரைக் கடலில் கரைத்துவிடலாம் என்று முடிவாகியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அக்கா மகன் செந்திலுக்கு அதுதான் வசதி. அப்பாவுக்குப் பிடித்த இடம் வேறு.

காரியத்துக்கு முந்தின நாள், வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அறுபதை ஒட்டிய வயது. எங்களில் யாருக்கும் அவளைத் தெரியாது. அவளுக்கு அக்காவைத் தெரிந்திருந்தது. நேராக வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, “பவுண்டரிக்காரரே… இனிமே தண்ணி வருதுன்னு யாரு வந்து சொல்லுவா” என்று பெருங்குரலில் அழ ஆரம்பித்தாள்.

அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. அத்தனை கண்ணும் அக்கா மேல்.

அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு, “மதகு டீக்கடை பாக்கியம்க்கா” என்றாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். “அவரோடதுதான். நான் வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறேன்?”

பையில் இருந்தது ஒரு லுங்கி. துவைத்து மடித்த, நீலக் கட்டம் போட்ட லுங்கி!

நான் அக்கா முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்குத் தைரியமில்லை. அவளோ பையை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “வெயில்ல வந்துருக்கீங்க, காபி குடிச்சிட்டுப் போங்க” என்றாள். பாக்கியமும் குடித்துவிட்டு, போகும்போது தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னாள். “அஸ்தியைக் கடல்ல கரைக்க வேணாம். காவேரித் தண்ணி நம்ம ஊருக்கு வரட்டும், அதுலதான் கரைக்கணும்.”

“அது எப்ப வர்றது? எனக்கு லீவு முடியுதும்மா” என்றான் செந்தில்.

“நீ போயிட்டு வாடா. கொள்ளி வச்சிட்டீல்ல. கரைக்கிறதை நான் பாத்துக்குறேன்.”

பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பெண்களோ உருகிப் போனார்கள். “பாரேன், காவேரிலதான் கரைப்பேன்னு நிக்கிறா. என்னா பாசம்!” — கல்லு மனசு என்றார்களே, அதே வாய்கள்தான்.

பாசமா? அடுப்படியில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னதை நீங்களும் கேளுங்கள்.

“அந்த மதகுலேந்து பஸ்ஸு சோறு வடிக்கிற நேரத்துல வந்துடுது. அவரு மட்டும் ஏன்டி மூணாம் நாள் வந்தாரு? தண்ணியோடதானே வந்தேன்னு சொன்னாரு. நானும் தண்ணியோட நடந்து பாத்துடுறேன். அது எப்ப வந்து சேருதுன்னு பாத்தா தெரிஞ்சு போயிடும்.”

ஊர் நினைத்தது பக்தி. எங்கள் அக்காவுக்கு அது விசாரணை!

“பொய்யா இருந்தா என்னக்கா பண்ணுவ?” என்றேன்.

“அவரு ஆசைப்பட்ட கடல்லயே கொண்டு போய்க் கரைச்சிடுறேன். அங்கேயே இருக்கட்டும்.”

“நெசமா இருந்தா?”

அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இந்த வருஷம் தண்ணீரும் எங்களைச் சோதித்துவிட்டது. வரும் வரும் என்றார்கள், வரவில்லை. கலயம் மரத்திலேயே தொங்கியது. சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம் இதற்காகவே தள்ளிப்போய், அவர்கள் போனில் முணுமுணுத்தார்கள். அக்கா அசையவில்லை. ஒரு வழியாகக் கல்லணை திறந்து, டி.வி.யில் பூத் தூவினார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே… ஒவ்வொரு மதகிலும் தேங்கி, ஏறி, திறந்து, கடைமடைக்கு அது வருவதற்குள் டி.வி.யில் வேறு சண்டை வந்துவிட்டது.

“நாளைக்கு இங்க வந்துரும்க்கா” என்று போன் செய்தவள் யார் தெரியுமா? பாக்கியம். வேறு யாரிடமும் கேட்கவும் அக்காவுக்கு வழியில்லை.

நான் தஞ்சாவூரிலிருந்து போய்ச் சேர்ந்தேன். அக்கா கலயத்தை ஒரு ஒயர் கூடையில் வைத்து, மதகுக்குப் போகிற பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டாள். “கூடையில என்னம்மா, கோழியா?” என்றார் பஸ் கண்டக்டர். “எங்க வீட்டுக்காரரு” என்றாள் அக்கா. அவர் சிரிக்கப் போய், வெள்ளைத் துணியைப் பார்த்ததும் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

மதகில் இறங்கியபோது மேல்பக்கம் தண்ணீர் செம்மண் நிறத்தில் நிறைந்து நின்றது. கீழ்ப்பக்கம் வெறும் மணல். பாக்கியத்தின் கடை ஒரு தகரக் கொட்டகைதான். உள்ளே கட்டிலில் அவள் கணவர் இருந்தார். அந்த மதகைத் திறந்து மூடுகிற லஸ்கராக இருந்து ரிடையரானவராம். காது கேட்கவில்லை. கட்டிலுக்கு மேலே ஒரு நைலான் கயிற்றில் வரிசையாக லுங்கிகளும் துண்டுகளும் தொங்கின.

அக்கா அண்ணாந்து பார்த்தாள். “இதெல்லாம் யாருது?”

“மீன் புடிக்க வர்றவங்களோடதுக்கா. ஆத்துல முங்கிட்டு ஈரத்தோட வந்து பெஞ்சில உக்காந்துடுறாங்க. அப்புறம் அடுத்த ஆளு எங்க உக்கார்றது? ஆளுக்கு ஒண்ணு இங்கயே போட்டு வைங்க, மாத்திக்கிட்டு வந்தாத்தான் டீன்னு சொல்லிட்டேன்.”

அக்கா டீயை வாங்கிக்கொண்டாள். எனக்கு அவளைத் தெரியும். லுங்கி விஷயம் பைசல். ஆனால் அவள் வந்தது லுங்கிக்காக இல்லையே.

“இங்கேந்து எங்க ஊருக்கு எவ்வளவு நேரமாவும்?” என்றாள்.

பாக்கியம் டீயை ஆற்றிக்கொண்டே, “பஸ்ஸுலயா, தண்ணிலயா?” என்றாள்.

அக்கா டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். மதகைத் திறந்தார்கள்.

முதல் தண்ணீர் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? கடைமடைக்காரர்கள் நாங்கள் அது வந்து சேருவதைப் பார்த்திருக்கிறோம். வருகிற வழியைப் பார்த்ததில்லை. அழகெல்லாம் இல்லை. நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலுமாக, மணலை நக்கிக்கொண்டு வருகிறது. அதற்கு முன்னால் வெடிப்புகளிலிருந்து நண்டும் பூச்சியும் தேளும் குடும்பத்தோடு வெளியேறி ஓடுகின்றன. அவற்றைப் பொறுக்க மைனாவும் கரிச்சானும் கொக்கும் கூடவே வருகின்றன. தண்ணீரோடு நடக்கிற பழக்கம் அத்தானுக்கு மட்டும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. நாங்கள் கரைமேல் வேகமாக நடக்க வேண்டியிருந்தது. அக்காவின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. “இந்த வேகத்துல வந்தா இருட்டுறதுக்குள்ள ஊருக்கு வந்துடுமேடி” என்றாள். கூடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றினாள். தண்ணீரே, மெதுவாக வா என்று வேண்டிக்கொண்ட முதல் தஞ்சாவூர்க்காரி நானாகத்தான் இருப்பேன்.

ஒரு திருப்பம் வந்தது. அங்கே ஆற்றுக்குள் மணல் அள்ளிய பள்ளம். ஒரு குளத்தையே உள்ளே வைக்கலாம். தண்ணீர் அதில் இறங்கியது. இறங்கியது… இறங்கிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் ஏறவே இல்லை.

நின்றோம். பிறகு உட்கார்ந்தோம். கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். கொக்குகள்கூடப் பள்ளத்தின் விளிம்பில் வரிசையாக நின்று காத்திருந்தன. கரைச் சாலையில் எங்கள் ஊர் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு அதே பஸ் ஊருக்குப் போய்த் திரும்பி, மதகுப் பக்கமாக எங்களைக் கடந்து போனது. தண்ணீர் இன்னும் பாதிப் பள்ளம்கூட ஏறவில்லை. எடிட்டர் போன் செய்தது அப்போதுதான்.

பஸ் மூன்றாவது தடவையும் கடந்தது. அதே கண்டக்டர் படிக்கட்டில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே போனார். அக்கா பஸ்ஸைப் பார்த்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள்.

“இந்த மாதிரிப் பள்ளம் இன்னும் எத்தனை இருக்கும்?” என்றாள்.

“வழி பூராத்தான் மணல் எடுத்துருக்காங்களேக்கா.”

“அப்ப ஒவ்வொண்ணும் ரொம்பணும்.”

“ரொம்பாம எப்படித் தாண்டி வரும்?”

அக்கா கலயத்தைக் கூடையிலிருந்து எடுத்தாள். அப்புறம், “பொய் சொல்லலடி” என்றாள். “அந்த மனுஷன் பொய் சொல்லல.”

அவ்வளவுதான். கலயத்தை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு அழுதாள் பாருங்கள்… துக்க வீட்டில் அழாத அழுகை, அவரோடு பேசாமல் இருந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்து அழுத அழுகை. நான் முதுகைத் தட்டவில்லை, “அழாதேக்கா” என்று சொல்லவுமில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? நானும் சேர்ந்து அழுதேன். எவ்வளவு சுலபமாகக் கணக்குப் போட்டுவிடுகிறோம்! தண்ணீரில் வருகிறவனைப் பஸ் டைம் வைத்து அளந்தால் உலகத்தில் எந்தப் புருஷன்தான் யோக்கியனாகத் தெரிவான்?

நாங்கள் ஒன்றும் அத்தான் இல்லை. பொழுது சாய்ந்ததும் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டு, விடிந்ததும் திரும்பி வந்தோம். தண்ணீர் முதல் பள்ளத்தை முடித்து, அடுத்த ஊர் தாண்டி இன்னொரு பள்ளத்தில் இறங்கியிருந்தது. அக்கா ஆளே மாறிவிட்டாள். அன்றைக்கு முழுக்கக் கூடையோடு பேசிக்கொண்டே நடந்தாள். “இந்த முள்ளுல சைக்கிளை எப்படி ஓட்டுனீங்க?” “இந்த வெயில்ல தொப்பி வச்சிக்கக் கூடாதா?” திட்டுதான். ஆனால் அப்படித் திட்டி நான் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது. ஒரு மீன்கொத்தி விழுந்து எழுந்ததைப் பார்த்து, “பாத்தீங்களா?” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அதற்கும் மறுநாள், வெயில் தாழும் நேரம், தண்ணீர் எங்கள் ஊர்ப் படித்துறைக்கு வந்தது. அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அதே மூன்றாம் நாள். பூவும் நெல்லும் கையில் வைத்துக்கொண்டு சிலர் காத்திருந்தார்கள். தூவினார்கள், கும்பிட்டார்கள். பெரியவர் ஒருவர், “தையலு, மொதத் தண்ணி குப்பையும் கூளமுமா வருது. தெளிஞ்ச பெறவு கரை” என்றார். அக்கா தலையாட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தண்ணீர் எங்கள் படித்துறையை நனைத்துவிட்டு, நிற்காமல் கீழ்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது நம்ம ஊரோட நிக்கலையேடி.”

“எப்படிக்கா நிக்கும்? கடலுக்குல்ல போவுது.”

“அவருக்குக் கடல்னா உசுரு. கல்லணைலேந்து கூடவே வந்தவரு, இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா கடலையே பாத்திருக்கலாம். ஒரு வருஷம்கூடப் போவலயே. தண்ணியை அது பாட்டுக்குப் போவ விட்டுட்டு, சைக்கிளைத் திருப்பிக்கிட்டு என்கிட்ட வந்துட்டாரு.” புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நின்னேன்.”

இதற்கு நான் என்ன ஆறுதல் சொல்ல? சொல்வதற்கு ஒன்றும் இல்லாத இடங்களும் இருக்கின்றன, பத்தி எழுதுகிறவளுக்கும்கூட.

கொஞ்ச நேரத்தில் குப்பை வடிந்து, தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஏறியது. அக்கா புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். வெள்ளைத் துணியை அவிழ்த்து, கலயத்தைத் தண்ணீரோடு தண்ணீராகச் சாய்த்தாள். அழவில்லை. சாம்பல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நகர்ந்தது. அதன் பின்னாலேயே பார்த்துக்கொண்டு, திருச்சிக்கு ஷிப்ட் போகிறவரிடம் திங்கட்கிழமைக் காலைகளில் சொல்வது போல, சாதாரணமாகச் சொன்னாள்.

“போயிட்டு வாங்க.”

செத்தவர்களிடம் அப்படிச் சொல்லக் கூடாதாம். அதை எங்கள் அக்காவிடம் யார் போய்ச் சொல்வது?